சிற்றியந்திரத்தின் சிற்பி சாம் வில்லியம்ஸ்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகின் விமானத் தொழிற்சாலைகள் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடின. முன்னதைவிடப் பெரிய விமானம், அதைத் தூக்கிச் செல்ல முன்னதைவிடப் பெரிய ஜெட் இயந்திரம் என்பதே அன்றைய போட்டி. அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளாமல் ஒருவர் எதிர்த்திசையில் நடந்தார். ஒரே மனிதர் இரு கைகளால் தூக்கக்கூடிய ஜெட் இயந்திரத்தை உருவாக்க வேண்டும் என்பது அவரது ஆசை. அத்தகைய இயந்திரத்திற்கு அன்று பயனும் இல்லை, வாங்குவோரும் இல்லை. ஆயினும் அவர் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை.

அவர்தாம் அமெரிக்கப் பொறியியலாளர் சாம் வில்லியம்ஸ். இன்று சில பேர் மட்டுமே பயணம் செய்யும் சிறிய வணிக ஜெட் விமானங்கள் பலவற்றை அவர் தொடங்கிய நிறுவனத்தின் இயந்திரங்களே சுமந்து செல்கின்றன. அந்த இயந்திரங்களை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அவரது பார்வை மெல்ல மெல்ல அவரை விட்டு விலகிச் சென்றது. அவருடைய வாழ்க்கையின் வியப்பு அதில்தான் இருக்கிறது.

இளமையும் கல்வியும்

சாம் வில்லியம்ஸ் 1921ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது சார்ல்ஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக விமானத்தை ஓட்டி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார். அக்காலச் சிறுவர்களுக்கு விமானம் என்பது வெறும் ஊர்தி அன்று. அது ஒரு கனவு.

வில்லியம்ஸ் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று 1942ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அப்பொழுது உலகமே போரில் மூழ்கியிருந்தது. பட்டம் பெற்ற வில்லியம்ஸ் புகழ்பெற்ற மோட்டார் வாகன நிறுவனமாகிய கிரைஸ்லரில் பணியில் சேர்ந்தார். அங்கேதான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் விட்டுப் பிரியாத ஒரு பொருளைச் சந்தித்தார். அது வளிமச்சுழலி இயந்திரம்.

ஜெட் இயந்திரம் பிறந்த கதை

அந்நாளில் ஜெட் இயந்திரம் உலகிற்கே புதியது. இங்கிலாந்தின் வான்படையைச் சேர்ந்த ஃபிராங்க் விட்டல் 1930ஆம் ஆண்டு தம் ஜெட் இயந்திரத்திற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவரது இயந்திரம் தரையில் முதன்முதலாக ஓடியது. ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைன் தனியாக முயன்று அதே இலக்கை அடைந்தார். அவருடைய இயந்திரம் பொருத்திய விமானம் 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பறந்தது. உலகில் பறந்த முதல் ஜெட் விமானம் அதுவே.

ஜெட் இயந்திரம் இயங்கும் முறை புரிந்துகொள்ளக் கடினமானதன்று. முன்புறமுள்ள அமுக்கி காற்றை உள்ளிழுத்து நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று எரியறையை அடைகிறது. அங்கு எரிபொருள் கலந்து எரிவதால் காற்று சூடாகி விரிகிறது. விரிந்த காற்று பின்புறமுள்ள சுழலியைச் சுற்றிவிட்டு மிகுந்த வேகத்தில் வெளியேறுகிறது. சுழலி சுற்றும்போது, ஒரே அச்சுத்தண்டால் அதனோடு இணைக்கப்பட்ட அமுக்கியும் சுற்றுகிறது. காற்று பின்னோக்கிப் பாய, விமானம் முன்னோக்கி நகர்கிறது.

கிரைஸ்லர் நிறுவனம் இந்த இயந்திரத்தை மகிழுந்தில் பொருத்த முயன்றது. 1954ஆம் ஆண்டு வளிமச்சுழலியால் ஓடும் மகிழுந்து ஒன்றை அது மக்கள்முன் காட்டியது. மகிழுந்தில் பொருத்த வேண்டுமானால் இயந்திரம் சிறியதாக இருந்தாக வேண்டும். அந்த ஆராய்ச்சிக் குழுவில் பணியாற்றிய வில்லியம்ஸ், இயந்திரத்தைச் சுருக்கும் கலையை அங்கே கற்றார். ஆயினும் அவர் மனம் மகிழுந்தோடு நின்றுவிடவில்லை. இத்தகைய சிறிய இயந்திரத்திற்கு வானிலும் வேலை இருக்கும் என்று அவர் நம்பினார்.

சிறியதைச் செய்வதே கடினம்

பெரிய இயந்திரத்தைச் செய்யத் தெரிந்தவர்களுக்குச் சிறியதைச் செய்வது எளிதாக இருக்கும் என்று நாம் எண்ணலாம். உண்மை அதற்கு மாறானது.

ஜெட் இயந்திரத்தின் உள்ளே சுழலும் அலகுகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த உறைக்கும் இடையே ஒரு சிறிய இடைவெளி இருக்கும். பெரிய இயந்திரத்தில் அலகின் நீளம் மிகுதியாதலால் அந்த இடைவெளியில் கசியும் காற்று ஒரு பொருட்டாகாது. சிறிய இயந்திரத்தில் அலகே விரல் நகத்தளவு இருக்கும். அங்கு மயிரிழை அளவு இடைவெளி கூடினாலும் நெருக்கிய காற்றில் கணிசமான பங்கு நழுவிவிடும். எரிபொருள் வீணாகும்.

இரண்டாவது இடர்ப்பாடு வேகம். உருவம் சிறுக்கச் சிறுக்க, அதே வேலையைச் செய்ய இயந்திரம் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சிறிய ஜெட் இயந்திரத்தின் அச்சுத்தண்டு ஒரு நிமிடத்தில் பல்லாயிரம் முறை சுற்றும். அந்த வேகத்தில் எடைச் சமநிலை சிறிது தவறினாலும் இயந்திரம் அதிர்ந்து உடைந்துபோகும்.

மூன்றாவது இடர்ப்பாடு விலை. இயந்திரத்தின் அளவைப் பாதியாகக் குறைத்தால் பாகங்களின் எண்ணிக்கை பாதியாகிவிடாது. அத்தனை பாகங்களையும் சிறிய அளவில், முன்னிலும் நுட்பமாகச் செய்தாக வேண்டும். ஆகவே, சிறிய இயந்திரம் மலிவாக இருக்க வேண்டுமென்றால் அதைப் புதிய முறையில் சிந்தித்து வடிவமைக்க வேண்டும். பெரியதைப் பார்த்துச் சிறியதாக வரைந்தால் போதாது. இதை வில்லியம்ஸ் நன்கு உணர்ந்திருந்தார்.

சொந்த நிறுவனம்

1950-களின் நடுப்பகுதியில் வில்லியம்ஸ் கிரைஸ்லரை விட்டு விலகினார். நிலையான வேலை, மதிப்புமிக்க பதவி ஆகியவற்றைத் துறந்து, ஒருசில நண்பர்களுடன் மிச்சிகன் மாநிலத்தில் சிறிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு வில்லியம்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயரிட்டார். பிற்காலத்தில் வில்லியம்ஸ் இண்டர்நேஷனல் என்னும் பெயரில் உலகம் அறிந்த நிறுவனம் அதுவே.

1957ஆம் ஆண்டு அவர்களின் முதல் சிறு ஜெட் இயந்திரம் ஓடியது. ஆனால், அதைப் பொருத்துவதற்குப் பொருத்தமான விமானம் ஏதுமில்லை. குதிரையைத் தயார் செய்துவிட்டு வண்டியைத் தேடுவதுபோல் ஆயிற்று அவர்கள் நிலை. வில்லியம்ஸ் சோர்ந்துவிடவில்லை. மனிதர் ஏறாமல் பறக்கும் சிறிய விமானங்கள் அக்காலத்தில் தலையெடுக்கத் தொடங்கியிருந்தன. போர்க்களத்தை மேலிருந்து படம் பிடிக்கும் கனடிய நாட்டு ஆளில்லா விமானத்திலும், பீரங்கி வீரர்கள் குறிபார்த்துச் சுடப் பயிற்சி பெறும் இலக்கு விமானத்திலும் அவருடைய இயந்திரங்கள் இடம்பெற்றன. இலக்கு விமானத்தின் இயந்திரம் ஏறத்தாழ 55 கிலோகிராம் உந்துவிசை தந்தது. பெரிய விமானங்களோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பமே. எனினும், நிறுவனம் தலைநிமிர்ந்து நிற்க அது போதுமானதாக இருந்தது.

ஊதுகுழலும் விசிறியும்

சிறு ஜெட் இயந்திரத்தின் பெருங்குறை அதன் எரிபொருள் பசி. அக்குறையைத் தீர்க்க வில்லியம்ஸ் தேர்ந்தெடுத்த வழியை அறிய, நம் வீடுகளில் இருந்த இரண்டு பொருள்களை நினைத்துப் பார்க்கலாம்.

தோட்டப்புற வீடுகளில் விறகடுப்பு எரிந்த காலத்தில், நெருப்பு மூட்ட ஊதுகுழலைப் பயன்படுத்தினர். அதன் வழியே சிறிதளவு காற்று மிகுந்த வேகத்துடன் பாயும். ஊதுபவருக்கோ சற்று நேரத்தில் மூச்சு வாங்கும். பனையோலை விசிறி வேறு வகையானது. அது ஏராளமான காற்றை மெதுவாக நகர்த்தும். வீசுபவரின் கை எளிதில் களைப்பதில்லை. பழைய ஜெட் இயந்திரம் ஊதுகுழலைப் போன்றது. குறைந்த காற்றைக் கடும் வேகத்தில் வெளியேற்றுவதால் அதில் ஆற்றல் வீணாகிறது.

அந்த இயந்திரத்தின் முகப்பில் ஒரு பெரிய விசிறியைச் சேர்த்தால் என்ன ஆகும்? விசிறி தள்ளும் காற்றில் ஒரு பகுதி மட்டுமே இயந்திரத்தின் உள்ளே சென்று எரியும். மற்றொரு பகுதி எரியறைக்குள் நுழையாமல் அதன் வெளிப்புறமாகவே பின்னோக்கிப் பாயும். மிகுந்த காற்று மிதமான வேகத்தில் நகர்வதால் அதே உந்துவிசை குறைந்த எரிபொருளில் கிடைக்கும், இரைச்சலும் குறையும். இதுவே டர்போபேன் எனப்படும் சுழல்விசிறி இயந்திரம்.

1960-களின் தொடக்கத்திலேயே பெரிய பயணிகள் விமானங்களில் சுழல்விசிறி இயந்திரங்கள் இடம்பெற்றுவிட்டன. ஆனால், அவ்வளவு நுட்பமான அமைப்பைக் கையடக்க இயந்திரத்தில் புகுத்துவது நடவாத செயல் என்றே பலரும் எண்ணினர். வில்லியம்ஸ் அதைச் செய்து காட்டினார். 1967ஆம் ஆண்டு டபிள்யூ.ஆர்.19 என்னும் இயந்திரம் ஓடியது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். எடையோ ஏறத்தாழ 31 கிலோகிராம். பத்துக் கிலோ அரிசிப் பை மூன்றைச் சேர்த்துத் தூக்கினால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான். ஆனால், அது தந்த உந்துவிசை ஏறத்தாழ 195 கிலோகிராம். தன் எடையைப்போல் ஆறு மடங்கு விசையைத் தந்த அந்த இயந்திரம், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் பழமொழிக்குச் சான்றாக விளங்கியது.

அந்த இயந்திரம் இரண்டு ஆண்டுகளில் ஒரு மனிதரையே தூக்கிப் பறந்தது. பெல் நிறுவனம் அதை முதுகில் சுமக்கும் பறக்கும் கருவி ஒன்றில் பொருத்தியது. 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இராபர்ட் கோர்ட்டர் என்பவர் அக்கருவியை அணிந்து வானில் எழுந்தார். அக்கருவி சந்தைக்கு வரவில்லை. ஆனால், சிறிய சுழல்விசிறி இயந்திரம் விளையாட்டுப் பொருளன்று என்பதை அன்று பார்த்தவர்கள் உணர்ந்தனர்.

போர்க்கருவியிலிருந்து பயண ஊர்திக்கு

டபிள்யூ.ஆர்.19இன் அடிப்படையில் எழுந்த எஃப்.107 என்னும் இயந்திரம் அமெரிக்காவின் தொலைதூர ஏவுகணைகளில் பொருத்தப்பட்டது. தாழப் பறந்து நெடுந்தொலைவு செல்லும் அந்த ஏவுகணைக்கு, சிறிய உருவமும் குறைந்த எரிபொருள் பசியும் கொண்ட இயந்திரம் தேவைப்பட்டது. இவ்விரண்டும் வில்லியம்ஸிடம் இருந்தன. அமெரிக்க விமானத் துறையின் தலைசிறந்த விருதாகிய காலியர் கோப்பை, 1978ஆம் ஆண்டுக்குரியதாக அவருக்கு வழங்கப்பட்டது. நிறுவனம் செழித்தது.

ஆனால், ஏவுகணை ஒரே ஒரு முறைதான் பறக்கும். அதன் இயந்திரம் சில மணி நேரம் உழைத்தால் போதும். வில்லியம்ஸின் விருப்பமோ வேறு. மனிதர்கள் ஏறிப் பயணம் செய்யும் சிறிய விமானங்களுக்குத் தம் இயந்திரம் பயன்பட வேண்டும் என்று அவர் எண்ணினார். அத்தகைய இயந்திரம் ஆயிரக்கணக்கான மணி நேரம் பழுதின்றி உழைக்க வேண்டும். பறவை மோதினாலும், பனிக்கட்டி உள்ளே புகுந்தாலும், கனமழையில் நனைந்தாலும் அது உயிர்களைக் கைவிடக் கூடாது. அரசின் விமானப் பாதுகாப்பு அமைப்பு இவை அனைத்தையும் சோதித்துப் பார்த்த பின்னரே சான்றிதழ் வழங்கும். போர்க்கருவிக்கு இயந்திரம் செய்தவர்கள் பயணிகளுக்குச் செய்ய வேண்டுமானால் தொழிலையே மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

ஒளி குறைந்த கண்கள்

இந்தப் பெரும்பணியை மேற்கொண்ட வில்லியம்ஸை ஒரு கொடிய நோய் பற்றியிருந்தது. அது விழித்திரையிலுள்ள ஒளியுணரும் செல்களைச் சிறிது சிறிதாக அழிக்கும் பரம்பரை நோய். இந்நோய் கண்டவர்களுக்குப் பொதுவாக முதலில் இருட்டில் பார்க்கும் திறன் குறையும். பின்பு, பக்கங்களில் உள்ளவை மறைந்து, குழாய் வழியே பார்ப்பதுபோல் பார்வை சுருங்கும். இறுதியில் அதுவும் மங்கும். அன்று அதற்கு மருந்து இல்லை.

பொறியியலாளருக்குக் கண்ணே முதற்கருவி. வரைபடத்தை வாசிக்கவும், பாகத்தின் அளவைச் சரிபார்க்கவும், உடைந்த அலகின் விரிசலைக் கண்டறியவும் கண் வேண்டும். வில்லியம்ஸின் பார்வை ஆண்டுக்காண்டு மங்கியது. பிறர் படித்துக் கூற, தாம் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயினும் அவர் நிறுவனத்தின் தலைமையிலிருந்து விலகவில்லை. புதியனவற்றைச் சிந்திப்பதையும் நிறுத்தவில்லை.

மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய முதியவர்களைக் கேட்டால் இது எப்படி இயலும் என்பது விளங்கும். விடியுமுன், நெற்றி விளக்கின் மங்கிய ஒளியில் அவர்கள் மரத்தை நெருங்குவர். கத்தி சிறிது ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். சிறிது மேலோட்டமாகச் சென்றால் பால் வடியாது. அந்த நுண்ணிய அளவைக் கண்ணைவிடக் கையே நன்கு அறிந்திருக்கும். பல ஆண்டுப் பழக்கம் தொழிலை மனிதரின் உடம்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது. இளமை தொட்டு ஜெட் இயந்திரங்களோடு வாழ்ந்த வில்லியம்ஸுக்கும் இயந்திரத்தின் உள்ளமைப்பு அவ்வாறே மனப்பாடமாகியிருந்தது. அவருக்குத் துணை நின்றவர்கள் அவரிடம் பயிற்சி பெற்ற பொறியியலாளர்கள். அவர்கள் கண்களாகவும் கைகளாகவும் செயல்பட்டனர். அவர் திசை காட்டினார்.

எஃப்.ஜே.44 இயந்திரம்

வணிக ஜெட் விமானங்கள் 1960-களிலேயே தோன்றிவிட்டன. தொழிலதிபர்களும் மருத்துவக் குழுவினரும் நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குச் செல்ல அவை உதவின. ஆனால், அவற்றின் விலையும் பராமரிப்புச் செலவும் மிக அதிகம். விமானத்தின் செலவில் பெரும்பகுதி இயந்திரத்திற்கே போயிற்று. சிறிய, எளிய, மலிவான சுழல்விசிறி இயந்திரம் கிடைத்தால் சிறிய, எளிய, மலிவான ஜெட் விமானமும் பிறக்கும் என்று வில்லியம்ஸ் கணக்கிட்டார்.

அந்தக் கணக்கின் விடையே எஃப்.ஜே.44 இயந்திரம். அதன் முதல் வகை ஏறத்தாழ 860 கிலோகிராம் உந்துவிசை தந்தது; எடை ஏறத்தாழ 200 கிலோகிராம். முகப்பு விசிறியின் குறுக்களவு ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். இக்காலத்துப் பெரும் பயணிகள் விமானம் ஒன்றின் விசிறி 3 மீட்டருக்கும் மேற்பட்ட குறுக்களவு உடையது என்பதை ஒப்பிட்டால் இதன் சிறுமை விளங்கும்.

அதன் வடிவமைப்பில் வில்லியம்ஸ் குழுவினர் கடைப்பிடித்த நெறி பாகங்களைக் குறைப்பது. பெரிய இயந்திரங்களில் விசிறியின் ஒவ்வோர் அலகையும் தனித்தனியே செய்து நடுச்சக்கரத்தில் பொருத்துவர். எஃப்.ஜே.44இல் நடுச்சக்கரமும் அலகுகளும் ஒரே டைட்டேனியக் கட்டியிலிருந்து செதுக்கப்பட்டன. பொருத்துவாய் இல்லை, ஆகவே, அங்கே தளர்வதற்கும் தேய்வதற்கும் இடமில்லை. எடையும் குறைந்தது. கல்லைக் குடைந்து ஒரே கல்லில் தேர் செய்யும் சிற்பியின் வேலையை ஒத்தது இது.

1988ஆம் ஆண்டு இந்த இயந்திரம் ஒரு சோதனை விமானத்தில் வானேறியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் புகழ்பெற்ற ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இத்திட்டத்தில் கூட்டாளியாகச் சேர்ந்தது. செஸ்னா நிறுவனம் தன் புதிய சிறு ஜெட் விமானமாகிய சைட்டேஷன் ஜெட்டுக்கு இதையே தேர்ந்தெடுத்தது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அந்த விமானம் முதன்முறையாகப் பறந்தது. 1992ஆம் ஆண்டு அதற்கு அரசுச் சான்றிதழ் கிட்டியது.

1957இல் முதல் சிறு இயந்திரம் ஓடிய நாளிலிருந்து அந்த நாள் வரை எண்ணினால் 35 ஆண்டுகள். தொடங்கும்போது இளைஞராக இருந்த வில்லியம்ஸுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இத்தகைய விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை தேவையில்லை. மலாக்காவின் பத்து பெரெண்டாம் போன்ற சிறு விமான நிலையங்களிலும் அவை இறங்கி ஏறலாம். பெரும் பயணிகள் விமானம் அடிக்கடி வராத ஊர்களுக்கும் ஜெட் விமானத்தின் வேகம் எட்டியது. நோயாளிகளை ஏற்றிச் செல்வதற்கும் இவ்வகை விமானங்கள் பயன்படுகின்றன.

எட்டாத கனி

வில்லியம்ஸ் இத்துடன் நிறைவடையவில்லை. இன்னும் சிறிய இயந்திரம் வேண்டும் என்று முனைந்தார். 1996ஆம் ஆண்டு நாசா, சிறு விமானங்களுக்கு மலிவான இயந்திரம் உருவாக்கும் திட்டம் ஒன்றில் அவரது நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு, இரண்டு சிற்றியந்திரங்கள் பொருத்திய வி-ஜெட் 2 என்னும் மாதிரி விமானத்தை அவரது நிறுவனம் அமெரிக்காவின் ஒஷ்கோஷ் விமானக் கண்காட்சியில் காட்டியது. பார்த்தவர்கள் வியந்தனர்.

அந்த முயற்சியின் தொடர்ச்சியாக எழுந்த இ.ஜே.22 என்னும் இயந்திரம் எக்லிப்ஸ் 500 என்னும் புதிய சிறு ஜெட் விமானத்தில் பொருத்தப்பட்டது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அவ்விமானம் முதன்முதலில் பறந்தது. ஆனால், சில மாதங்களிலேயே அவ்விமானத்தைச் செய்தோர் அந்த இயந்திரத்தைக் கைவிட்டு வேறு நிறுவனத்தின் இயந்திரத்தை நாடினர். இ.ஜே.22 சந்தைக்கு வரவேயில்லை. எண்பது வயதை எட்டியிருந்த வில்லியம்ஸுக்கு அது பெரும் பின்னடைவு.

எனினும், அந்த எண்ணம் அழிந்துவிடவில்லை. சின்னஞ்சிறு ஜெட் விமானம் பலரது கைக்கும் எட்ட வேண்டும் என்ற கனவைப் பிற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. வில்லியம்ஸின் நிறுவனமே எஃப்.ஜே.44ஐவிடச் சிறிய எஃப்.ஜே.33 என்னும் இயந்திரத்தை வெற்றிகரமாகச் செய்தது. ஒரே ஓர் இயந்திரத்துடன் பறக்கும் சிரஸ் விஷன் ஜெட் விமானம் 2016ஆம் ஆண்டு அரசுச் சான்றிதழ் பெற்றது. அதன் முதுகில் அமர்ந்திருக்கும் அந்த ஒற்றை இயந்திரம் எஃப்.ஜே.33 ஆகும்.

பிறர் விழிக்கு ஒளி

1998ஆம் ஆண்டு வில்லியம்ஸ் மற்றுமொரு நிறுவனம் தோன்றக் காரணமானார். அது விமானத்தோடு தொடர்பில்லாதது. காது கேளாதோருக்கு ஒலியை உணர்த்தும் உட்செவிக் கருவியைச் செய்த தொழிலதிபர் ஆல்ஃபிரட் மான் என்பவரோடு அவர் கைகோத்தார். காதுக்கு இயன்றது கண்ணுக்கும் இயலாதா என்பதே அவர்களின் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து செகண்ட் சைட் என்னும் நிறுவனம் உருவாயிற்று.

அந்நிறுவனம் செய்த கருவியின் அமைப்பு வியக்கத்தக்கது. மூக்குக் கண்ணாடியில் பொருத்திய சிறிய படக்கருவி எதிரே உள்ளதைப் படம் பிடிக்கும். அதை மின்குறிப்புகளாக மாற்றி, விழித்திரையின்மீது பதித்த 60 மின்முனைகளுக்கு அனுப்பும். அவை நரம்பைத் தூண்ட, மூளை ஒளிப்புள்ளிகளை உணரும். இயல்பான பார்வை அதனால் திரும்பாது. ஆனால், கதவு எங்கே, சன்னல் எங்கே, எதிரே ஆள் நிற்கிறாரா என்பதையேனும் உணரப் பலருக்கு அது உதவியது. வில்லியம்ஸைப் பற்றிய அதே நோயினால் பார்வை இழந்தவர்களுக்காகவே அது செய்யப்பட்டது. ஐரோப்பாவில் 2011ஆம் ஆண்டும் அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டும் அதற்கு அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் அதன் உற்பத்தி நின்றுபோனாலும், பார்வைக் கருவி ஆராய்ச்சியில் அது ஒரு முன்னோடி என்பதை மறுக்க முடியாது.

அந்த நாள்களைக் காண வில்லியம்ஸ் உயிரோடு இல்லை. 2009ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், தமது 88ஆம் வயதில், கலிபோர்னியாவில் அவர் மறைந்தார்.

விட்டுச்சென்றவை

வாழ்நாளில் அவரைத் தேடி விருதுகள் பல வந்தன. 1988ஆம் ஆண்டு ரைட் சகோதரர்கள் நினைவுக் கோப்பை, 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 1998ஆம் ஆண்டு அமெரிக்க விமானத் துறைப் பெரியோர் வரிசையிலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

விருதுகளைவிட நிலைத்தது அவர் காட்டிய வழி. விமானம் செய்வது இன்று ஒரு நாட்டின் தொழிலாக மட்டும் இல்லை. ஒரு விமானத்தின் பாகங்கள் பல நாடுகளில், பல ஊர்களில் உருவாகின்றன. மலாக்காவின் பத்து பெரெண்டாமில் உள்ள சி.டி.ஆர்.எம். நிறுவனத் தொழிற்சாலையில் ஏர்பஸ் விமானங்களுக்கான இறக்கைப் பாகங்கள் செய்யப்படுகின்றன. எடையைக் குறைப்பது, பாகங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, நுண்ணிய அளவும் பிசகாமல் செய்வது ஆகிய மூன்றும் அத்தகைய தொழிற்சாலைகளின் அன்றாட வேலை. வில்லியம்ஸ் தம் சிறு கூடத்தில் தொடங்கிய வேலையும் இதுவே.

சிறிய இயந்திரத்தால் பயனில்லை என்று எண்ணியோர் மிகுந்திருந்த காலத்தில் அவர் அதைச் செய்தார். செய்த பிறகு அதற்குரிய விமானத்திற்காக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் கண்ணொளி குறைந்தது, கைவேலை நிற்கவில்லை. தம்மால் மீட்க முடியாத பார்வையைப் பிறருக்கேனும் சிறிதளவு தரும் முயற்சியில் அவர் தம் முதுமையைச் செலவிட்டார். இன்றும் உலகின் ஏதேனும் ஒரு சிறு விமான நிலையத்தில், அவர் நிறுவனத்தின் சிறிய விசிறி சுழலத் தொடங்கும்போது, ஒரு விமானம் பயணிகளுடன் மேலெழுகிறது.